எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு நட்சத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கொத்தனாரும் தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகனுமான அடியேன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், செய்தி எழுதுகிறவர் முதல் காலையில் பேப்பரைக் குறி தவறாமல் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிகிறவர் வரை அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குத் தாங்களும் ஒரு காரணம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். நான் கட்டிய சுவர் எதுவும் கோணல் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை இதழின் எட்டாம் பக்கத்தில் 'கட்டடமும் சுரங்கமும்: எந்த வேலைக்கு என்ன கூலி?' என்று முழுப் பக்கத்துக்கு ஒரு பட்டியல் போடுகிறீர்கள். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை, எதற்குக் கூலி ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்று முதல் இடம், இரண்டாம் இடம் என வரிசைப்படுத்தி, மேலே தலைக்கவசம் போட்ட ஒருவர் பல் தெரியச் சிரிக்கிற படமும் போடுகிறீர்கள். முப்பத்திரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவன் நான், அப்படிச் சிரிக்கிற ஒருவரையும் வேலையிடத்தில் பார்த்ததில்லை. அது போகட்டும். அந்தப் பட்டியலை உடனே நிறுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஏன் என்று சொல்கிறேன். என்னைத் தொழிலில் 'தூக்குக்குண்டு' என்று கூப்பிடுவார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடுகிற குண்டு போல, தொங்கவிட்ட இடத்தில் நேராக நிற்பேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடமாட்டேன் என்று அர்த்தம். ஆடாமல் நின்றதற்கு என்ன கிடைத்தது என்றால் முட்டிவலி கிடைத்தது. ஒரே மகன். அவனாவது நகர்ந்து பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அவன் பத்தொன்பது வயதில் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. நாலே வருஷத்தில் அவன் கை அப்படிப் படிந்தது. அவன் அடித்த பலகையில் சிமெண்ட் பால் ஒரு சொட்டு ஒழுகாது. பலகையைப் பிரித்த பிறகு கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, "அப்பா, கன்னம் மாதிரி இருக்கு பாருங்க" என்பான். அந்த நேரத்தில்தான் தங்கள் முதல் பட்டியல் வந்தது. சென்ட்ரிங்குக்கு ஆறாம் இடம். வெல்டருக்கு முதல் இடம்.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குப்பா" என்றான். "பிடிச்சா வயிறு ரொம்பிடுமா? எட்டாம் பக்கத்தைப் பாரு. நம்பர் பொய் சொல்லாது" என்றேன். ஐயா, இந்த வாக்கியத்தை நான் பதினோரு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெல்டிங் கற்றான். கண் வீங்கி, ராப்பகலாக ஈரத்துணி போட்டுக்கொண்டு கற்றான். வேலை கேட்டுத் தொழிற்சாலை வாசலுக்கு நானும் கூடப் போனேன். அங்கே நானூறு வெல்டர்கள் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தங்கள் எட்டாம் பக்கம் மடித்து வைத்திருக்கிறது. பையன்களோடு அப்பாக்களும் வந்திருந்தார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டோம். இத்தனை பேர் வந்து நின்றால் எவன் கூலி கூட்டுவான்? அடுத்த பட்டியலில் வெல்டர் ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டார், கம்பி கட்டுகிறவர் மேலே ஏறிவிட்டார். சரி என்று கம்பி கட்டப் போனான். அவன் போய்ச் சேர்ந்த மாதம் கம்பியை வெட்டி வளைக்கிற இயந்திரம் ஒன்றை இறக்கினார்கள். அதற்கு டீ வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை லீவும் வேண்டாம். அடுத்தது கிரேன். நாற்பது மாடி உயரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குத் தலைசுற்றல் உண்டு என்று எங்கள் குடும்பத்துக்கே தெரிந்தது. ஏணிப்படியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரமாக இறங்கி வந்து, தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு டைல்ஸ் ஒட்டக் கற்றான். அந்த வருஷம் வீடு வாங்க ஆளில்லை, கட்டடங்கள் பாதியில் நின்றன. டைல்ஸ் பெட்டி பெட்டியாக இருந்தது, ஒட்டுவதற்குச் சுவர்தான் இல்லை.

இதில் எனக்கு வலிப்பது என்ன என்றால், போகிற இடத்தில் எல்லாம் அவன் புதியவன். அதனால் அவனுக்குப் 'புதுசு' என்றே பெயர் விழுந்துவிட்டது. முப்பது வயதில், காதோரம் நரைத்த பிறகும், "டேய் புதுசு, அந்த வாளியை எடு" என்று தன்னைவிடச் சின்னவன் ஏவுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனோம். பெண்ணின் அப்பா, "பையன் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். நான் வாய் தவறி, "இன்னைக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். வரும் வழியில் என் சம்சாரம், "பேப்பரைக் கட்டிக்கிட்டு நீங்களே குடும்பம் நடத்துங்க" என்றாள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதும் ஒன்றும் சொல்லமாட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் புத்தி.

எட்டாவது பட்டியலில் சுரங்கம் முதல் இடத்துக்கு வந்தது. பாறையில் துளை போட ஆள் பற்றாக்குறை, கூலி இரண்டு மடங்கு. அன்றைக்கு மட்டும் அவன் வாயைத் திறந்தான். "மேல ஏறினா தலைசுத்துதுப்பா, கீழ போனா மூச்சு முட்டும். எனக்குப் பயமா இருக்கு. பழையபடி பலகையே அடிக்கறேனே." முப்பது வயது ஆண்பிள்ளை பயமாக இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு தூரம் நொந்திருக்க வேண்டும்! நான் அதற்கும், "நம்பர் பொய் சொல்லாது" என்றேன். போய்விட்டான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் தங்கள் பேப்பரின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ ஒரு சுரங்கத்தில் மேற்கூரை சரிந்து சிலர் மாட்டிக்கொண்டதாக நாலு வரி போட்டிருந்தீர்கள். எந்தச் சுரங்கம் என்று போடவில்லை. கூலிக்கு முழுப் பக்கம், உயிருக்கு நாலு வரி. மகனுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவில்லை. பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போனேன். போய்ப் பார்த்தால் அது வேறு சுரங்கம், அவன் வழக்கம்போல வேலைக்கு இறங்கியிருக்கிறான். அங்கே வாசலில் ஒரு பலகை உண்டு. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் பூமிக்கு அடியில் என்று அர்த்தம். அவனுடையது இருநூற்றுப் பதினேழு. அந்த வில்லையின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவலாளி, "பெரியவரே, நீங்க முறைச்சுப் பார்த்தா மட்டும் அது கழண்டு விழாது" என்றார். எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பட்டியல் பட்டியலாக எத்தனையோ எண்களைப் பார்த்தவனுக்கு, பார்க்கவேண்டிய எண் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆறு மணி நேரம் கழித்து வந்தான். அடையாளமே தெரியவில்லை, புழுதிக்குள் இரண்டு கண் மட்டும் இருந்தது. "புதுசு, உன்னைத் தேடி ஒரு பெரியவர் வந்திருக்காருடா" என்று யாரோ கத்தினார்கள். இரண்டரை வருஷம் ஆகியும் அங்கேயும் அவன் புதுசுதான். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. உட்கார்ந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"பட்டியல்ல போட்ட கூலி வருதா?"

"பாதிதான் வருது."

"ஏன்டா, கேக்கறதுதானே?"

அவன் என்னைப் பார்த்தான். இருமினான். பிறகு, "அப்பா, நான் உசுரோட இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா, கூலி வருதான்னு பாக்க வந்தீங்களா?" என்றான். முதலாவதுக்குத்தான் ஐயா வந்தேன், சத்தியமாக. ஆனால் அதை அவனிடம் சொல்லாமல், குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. வாரம் ஒருமுறை அவன் அம்மாவைக் கூப்பிடுவான். நான் பக்கத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, படிப்பது போல, அந்தப் பக்கத்து இருமலை எண்ணிக்கொண்டிருப்பேன். வரவர எண்ணிக்கை கூடுகிறது. இதற்கு மட்டும் யாரும் பட்டியல் போடுவதில்லை.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். போன மாதம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஒட்டடை முதல் சம்சாரத்தின் கோபம் வரை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் தங்கள் பட்டியல்களை வருஷ வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கூலிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. ஈ உட்கார்ந்த கறை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், ஒருமுறை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். அது நட்சத்திரம். பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரம் போட்டு, எறும்பு எழுதியது போல ஒரு வரி: 'ஒரே தொழிலில் தொடர்ந்து ஐந்தாண்டு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்.' முதல் பட்டியல் வந்தபோது என் மகனுக்குச் சென்ட்ரிங்கில் நாலு வருஷம் முடிந்திருந்தது, ஆசிரியர் அவர்களே. இன்னும் ஒரே வருஷம். நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். சம்சாரம் வந்து, "என்னங்க, கண்ணு உறுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகையால், பட்டியலை நிறுத்துங்கள். முடியாது என்றால் அந்த நட்சத்திரத்தைப் பக்கத்தின் உச்சியில், பூசணிக்காய் அளவுக்குப் போடுங்கள். உண்மையைச் சின்ன எழுத்தில் போடுவது பொய்யைப் பெரிய எழுத்தில் போடுவதைவிட மோசம். பத்திரிகை என்றால் வார்த்தைக்கு வார்த்தை உண்மை இருக்க வேண்டும் என்று இந்தக் கொத்தனார் தங்களுக்குச் சொல்லவேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பேப்பரும் வேண்டாம்.

தாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நூறு வயது வாழவும், தங்கள் பிள்ளைகள் என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று எந்தப் பேப்பரும் முடிவு செய்யாமல் இருக்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாசகன்,
தூக்குக்குண்டு

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது. சம்சாரம் கடைக்குப் போயிருந்தாள், நான்தான் எடுத்தேன். மகன். "அம்மா இல்லையா?" என்றான். இல்லை என்றேன். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "எட்டாம் பக்கம் வந்துடுச்சா? இந்த வருஷம் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டான்.

பன்னிரண்டாவது பட்டியல் என் முன்னாலேயே இருந்தது. பாறை துளைக்கிறவர்தான் மறுபடியும் முதல் இடம். சென்ட்ரிங் ஒன்பதாம் இடம். அவனுக்குச் சுரங்கத்தில் நாலு வருஷம் முடிகிறது. இன்னும் ஒரே வருஷம் இருந்தால் அந்த நட்சத்திரம் அவனுக்கும் பொருந்தும், கூலி இரண்டு மடங்காகும். புதுக் கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"சென்ட்ரிங்தான்டா முதல்ல" என்றேன். "நம்ம பக்கம் ஆளே கிடைக்கலையாம். நாலு வருஷம் பலகை அடிச்சவன் வந்தா போதும்னு போட்டிருக்கான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஆபரேஷன் பண்ணின கண்ணுடா."

"நெஜமாவா அப்பா?"

"நம்பர் பொய் சொல்லாது" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அப்ப வில்லையைக் குடுத்துட்டு அடுத்த வாரம் வந்துடறேன்" என்றான்.

ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். பேப்பரை நிறுத்த வேண்டாம். பட்டியலையும் நிறுத்த வேண்டாம், நட்சத்திரமும் இருக்கிற அளவே இருக்கட்டும். ஒரே ஓர் உதவி. எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிற பழக்கம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது. இருமிக்கொண்டே ஒருவன் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்த வருஷம் எட்டாம் பக்கத்தில் எந்த வேலை முதலில் இருக்கிறது என்று கேட்டால், தயவுசெய்து சென்ட்ரிங் என்று சொல்லிவிடுங்கள்.