ஒன்றில் அழித்தால் இரண்டிலும் போகும்

அதனால்தான் தம்பி, போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவாய், உன் பெண்டாட்டி அடுத்த அறையிலிருந்தே பதில் சொல்வாள். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், விட்டுவிட்டேன். அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் ஆண்டவன் புண்ணியத்தில் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க அவனையே கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அத்தானிடம் கொடுத்தாய் அல்லவா? ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் இருக்கிற வீட்டில் ஒரு சாமானும் மூடியோடு இருப்பதில்லை. ரேடியோ வயிறு திறந்து கிடக்கிறது, இஸ்திரிப் பெட்டிக்கு முதுகு இல்லை. ஈயம் பற்றவைக்கிற புகை வீடெல்லாம் சுற்றிச்சுற்றி, சாமிக்கே அதுதான் ஊதுபத்தி என்று பழகிவிட்டது. பழைய கேசட் பிளேயரில் பெல்ட் அறுந்திருந்ததால் என் தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டை மாட்டி ஓட்டினார், ஓடிவிட்டது. மூன்று மணி நேரம் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். மனசுல வச்சுக்காதே தம்பி, அத்தனை நேரமும் உன் பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கா. சிரிச்சது ஒரே தடவை, அதுவும் நீ வீடியோக்காரர் ஒயர்ல தடுக்கி விழுந்தப்போ. அந்த ஒரு சிரிப்புக்காகவே நீ அந்தக் கேசட்டைத் தேய்ச்சுத்தேய்ச்சுப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியும். கடைசியில ரப்பர் பேண்டு நழுவி நாடா மொத்தமும் உள்ளே சிக்கிக்கிச்சு, கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுத்தார். போனாப் போகுது, அதுதான் உள்ளே ஏத்தியாச்சேன்னு கேசட்டைக் குப்பையில போட்டார்.

உள்ளேன்னா எங்கேன்னு கேளு. சோப்புப் பெட்டி அளவுல ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி டி.வி.க்குப் பக்கத்துல வச்சிருக்கார். போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் அதிலதான். ரெண்டுலயும் ஒரே சரக்கு, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை. பெருமையோட நின்னாரா? ஒழுங்கு பண்றேன்னு என் பக்திப் பாட்டுப் பக்கம் வந்தார். ஒரு பாட்டை ஏழு பேர் பாடினது வச்சிருந்தேன். ஒரே பாட்டு எதுக்கு ஏழு, இடத்தை அடைக்குதுன்னு ஆறை அழிச்சுட்டார். ஏழு பேரும் ஏழு விதமா உருகுவாங்க தம்பி. சாமிக்கு அலுக்கலை, இவருக்கு அலுத்துப் போச்சு.

சரி, அவருக்கு ஒரு நியாயம்னா எனக்கும் அதே நியாயம். ஒரே சரக்கு எதுக்கு ரெண்டு பெட்டியில? அவர் முடிவெட்டப் போயிருந்தப்போ ரெண்டாவது பெட்டியில இருந்த மொத்தத்தையும் அழிச்சேன். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. என்னை அப்படிக் கேட்க அது யாரு? ஆமான்னு அமுக்கினேன். காலியான இடத்துல நம்ம பெரியம்மா மகள் குடுத்த பென்டிரைவிலிருந்து பக்திப் பாட்டா கொட்டி ரொப்பினேன். மனசு குளுகுளுன்னு ஆச்சு.

அத்தான் வந்து முதல் பெட்டியைத் திறந்தார். அதிலயும் என் பாட்டுதான். அவர்தான் அப்படிப் பழக்கி வச்சிருக்கார். ஒண்ணுல எதைப் போட்டாலும் மத்ததுலயும் விழும், ஒண்ணுல அழிச்சா மத்ததுலயும் அழியும். கல்யாணமான முதல் வாரத்து மருமகள் மாதிரி, சொல்றதுக்கு முன்னாடியே செய்யுது.

"யாருடி இதைத் தொட்டது?"ன்னார். வீட்ல இருக்கிறதே ரெண்டு பேர்.

"நீங்கதானே ஒண்ணு போதும்னீங்க?"

"பாட்டுக்குச் சொன்னேன்டி."

"நான் பெட்டிக்குச் சொல்றேன்."

அப்புறம் ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போனோம். சும்மா அழிச்சிருந்தா தோண்டி எடுத்திருப்பேன், அதும்மேலேயே பாட்டை எழுதிட்டீங்களேம்மான்னு கடைக்காரர் கையை விரிச்சுட்டார்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளைக்குப் பெரிய திரை கட்டி அந்தப் படத்தைப் போடப்போறதா உன் பெண்டாட்டி ஊரையே கூப்பிட்டிருக்கா. விஷயம் தெரிஞ்சா இந்த ஜென்மத்துல உன் வீட்டு வாசப்படியை என்னால மிதிக்க முடியாது. கூடப் பிறந்தவன்னு எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

அதனால ஒரு ஏற்பாடு. படம் போடற நேரத்துல அத்தான் உன் வீட்டு மெயின் ஃபியூஸைப் பிடுங்கிடுவார். நீ ஐயோ கரண்ட்னு மட்டும் சொல்லு, நம்புற மாதிரி சொல்லு. கரண்ட் போனதுல டிஸ்க்கும் போச்சுன்னு மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். பொய்தான். சாமிகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன், வேண்டாம்னு சொல்லலை. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அவளுக்கு வாய் நிக்காது. நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் உண்டாகட்டும். உன் பெண்டாட்டியையும் கேட்டதாகச் சொல்லவும். கடிதம் வந்ததைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அக்கா

பின்குறிப்பு: முக்கியமானதை விசாரிக்கவே மறந்துட்டேன், பாரு. உன் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமே. பத்து நாளைக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். வர்ற கடிதாசியை எல்லாம் உன் பெண்டாட்டிதான் பக்கத்துல உட்கார்ந்து உரக்கப் படிச்சுக் காட்டறாளாம்.