சம்பந்தமில்லை சார் எதிரே வந்தால்

எங்கள் ஊர் உதியன்குளங்கரையில் பாதிப்பேர் வளைகுடாவுக்குப் போகாமல் போனதற்கு ஒரே ஒருவர்தான் காரணம்: டுட்டோரியல் கணக்கு வாத்தியார், சம்பந்தமில்லை சார்.

அவர் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று ஊரே நம்பியது. வேறொருவராக இருந்தால் ஒதுங்கிப் போயிருப்பார். இவரோ, யார் புறப்பட்டாலும் வேண்டுமென்றே எதிரே போய் நின்றார்.

"காசைச் சுண்டுனா பூவோ தலையோ விழும். அதுக்கு எனக்க மொகம் தெரியுமா? ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லையாக்கும்."

நிலச்சீர்திருத்த வழக்கின் தீர்ப்பு நாளில் நிலக்காரரும் அவருடைய குத்தகைக்காரரும் சாரைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவருக்கு நிலம் போனது, மற்றவருக்கு வந்தது. "ஒரே மொகம், ரெண்டு பலன். இப்ப என்ன சொல்லுதிய?" என்று துள்ளினார் சார். டீக்கடைக்காரர் அசரவில்லை. "குத்தகைக்காரன் கண்டது உங்க முதுகை சாரே."

பிறகு எல்லோரும் வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். சாரைக் கண்டவர் வீட்டுக்குத் திரும்புவார், உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அதற்குள் பஸ் போய்விடும், பம்பாய் ரயில் போய்விடும், விசாவும் போய்விடும். சார் தாடி வளர்த்து யோசித்தார். முகத்துக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முகத்துக்கும் தண்ணீருக்கும் உண்டு, தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் உண்டு. அப்படியானால்? அந்த வருஷம் நிகழ்தகவுப் பாடத்தையே அவர் நடத்தவில்லை. பிள்ளைகள் அவரை வாழ்த்தினார்கள்.

அப்போதுதான் எங்கள் அண்ணன் மஸ்கட் விசாவோடு கிளம்பினான். அக்காவின் கல்யாணமே அவன் சம்பளத்தை நம்பி இருந்தது. அம்மா சர்ச்சுக்குத் தவறாதவள், சகுனமெல்லாம் பார்க்காதவள். "எலே, சாரு வாறாரான்னு மட்டும் பாரு" என்றாள் என்னிடம்.

வரவில்லை. ஆனால் அம்மாவோடு நாங்கள் போய் நின்ற பஸ் நிறுத்தத்தில், பெட்டிக்கடைக்குப் பின்னால், விரித்த குடையொன்று தரையோடு தரையாக இருந்தது. அண்ணன் போய்த் தூக்கினான். கீழே சார் குந்தியிருந்தார்.

"என்ன சார் இது? சம்பந்தம் இல்லன்னு நீங்கதானே சொல்லுவிய?"

"இல்லதான். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா உனக்க அம்மை என்னைக் கண்டா, உன்னத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவா மக்கா. பஸ் போயிரும்."

அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நேர் எதிரே நிறுத்தினான். "நில்லுங்க சார். உங்களைப் பாத்துட்டுதான் ஏறுவேன்." அம்மா கண்ணை மூடி ஜெபித்தாள். அண்ணன் ஏறினான், பஸ் கிளம்பியது.

அண்ணன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான். அக்காவின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் எதிர்கொண்டு அழைக்க அம்மா கூப்பிட்டு நிறுத்தியது சாரைத்தான். சவரம் செய்து, சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எவ்வளவு நல்ல முகம் என்று அன்றுதான் பார்த்தேன்.