டேப் அங்கிள் மாட்டிய லைட்

மைசூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். நான் அளக்கிறேன் என்று நினைத்தால் மண்டி மொஹல்லாவுக்கு வந்து, எந்தக் கடையில் வேண்டுமானாலும் டேப் அங்கிள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வார்கள். கூடவே அவரால் தங்களுக்கு வந்த வம்பையும் சொல்வார்கள். வழி சட்டென்று முடிந்துவிடும், வம்புதான் நேரம் பிடிக்கும்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. கூரியர்காரர் கீழே நின்று அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிடுவார். அங்கிள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். “டேப் அங்கிள், பார்சல்” என்று நான் ஒரு குரல் கொடுத்தால் படியிறங்கி வந்துவிடுவார். சேலத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு லேபில் வேலை. சூடு பார்க்கும் கருவி, வெளிச்சம் அளக்கும் கருவி எதுவானாலும் தொழிற்சாலைகள் அவ்வப்போது இவர் மேஜைக்கு அனுப்ப வேண்டும். அது நிஜத்தைக் காட்டுகிறதா என்று இவர் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார். பொய் சொல்லும் கருவியைப் பிடிப்பதுதான் உத்தியோகம். ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த உத்தியோகம் நிற்காது என்பதுதான் எங்கள் தெருவின் கஷ்டம்.

கீழே அப்பாவின் பாத்திரக் கடை, அதற்கு மேலே நாங்கள், எங்களுக்கு மேலே அங்கிள். குடிவந்த புதிதில் ஒரு நாள் அம்மா காய்ச்சிய பாலை ஒரு டம்ளர் கொடுக்கலாம் என்று கூப்பிட்டாள். வந்தவர் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. கொரோனா சமயத்தில் எல்லோர் நெற்றிக்கும் நேரே நீட்டினார்களே, அதனுடைய பெரியண்ணன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கிள் எவர்சில்வர் பாத்திரத்துக்கு நேரே அதை நீட்டினார். பச்சைத் தண்ணீருக்கு உண்டான சூட்டைக் காட்டியது. திருடனைக் கண்டுபிடித்த மாதிரி தலையாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கருப்பு டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, பால் பாத்திரத்தின் வயிற்றில் ஒட்டி, அதன் மேல் மறுபடி நீட்டினார். இப்போது கொதிக்கிற சூடு சரியாக வந்தது.

விளக்கம் பின்னாலேயே வந்தது. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறதாம். கருவி அதைத்தான் படிக்கிறதாம். ஆனால் பளபளப்பான பாத்திரம் இருக்கிறதே, அது தன்னுடையதை அமுக்கிக்கொண்டு எதிரே நிற்பவருடைய வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டிவிடுமாம். கருப்பு டேப்புக்கு அந்தச் சூது தெரியாது. ஆகவே உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அங்கிள், முழு மார்க் ஒன்று என்று வைத்துக்கொண்டு, நேர்மை மார்க் போட்டிருந்தார். எவர்சில்வருக்குப் பாயின்ட் ஒன். டேப்புக்குப் பாயின்ட் தொண்ணூற்றைந்து.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடை நிறைய வாடிக்கையாளர்கள் இருக்கும்போது அப்பாவிடம் போய், “சார், உங்க கடை முழுக்கப் பொய்க்காரங்கதான்” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்த குடும்பம் அப்பாவை மேலும் கீழும் பார்த்தது. தராசையும் ஒரு முறை பார்த்தது. அன்று அப்பா சாப்பிடும்வரை புலம்பினார்.

டேப் தெருவெல்லாம் பரவியது. டீக்கடை பாய்லரில் ஒரு துண்டு, பேக்கரி ஓவன் கதவில் ஒரு துண்டு, இஸ்திரிப் பெட்டியில் ஒரு துண்டு. யாரோ புதிதாக வாங்கி நிறுத்தியிருந்த புல்லட்டின் சைலன்ஸரில் ஒட்டப் போய், வண்டிக்காரர் துரத்தி, அங்கிள் எங்கள் கடைக்குள் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வண்டிக்காரர் வந்து, அவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். அப்பா இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்டாவுக்குப் பின்னாலிருந்து, “இருக்கேன்” என்று குரல் வந்தது. பொய் சொல்ல வராது என்று நான் சொன்னது இந்த லட்சணத்தில்தான்.

ஸ்கூட்டர் வாங்க வேண்டிய வயதில் அவர் வாங்கியது ஒரு தெர்மல் கேமரா. சூடான இடத்தை மஞ்சளாகவும் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும். குடையை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். பின்கட்டுப் போர்ஷனை வாடகைக்கு விட அப்பா சுவருக்குப் பெயின்ட் அடித்து, ஊதுவத்தி ஏற்றி, வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது அங்கிளும் கூடவே நடந்தார். திரையில் பளிச்சென்ற சுவரின் நடுவே பெரிய நீலத் திட்டு.

“இது என்னங்க?” என்று வந்தவர் கேட்டார்.

“ஈரம் சார். மேலே பெயின்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது, துடைச்சு விட்டாலும் தெரியாது. ஆனா ஈரம் காயுற வரைக்கும் அந்த இடம் ஜில்லுன்னுதான் இருக்கும். இதுல நீலமா வந்துடும்.”

வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போவதாகக் குதித்தார். அம்மாதான் மடக்கினாள். ஃபிரிட்ஜ் கதவு வழியாகக் குளிர் கசிவதை அந்தக் கேமராதானே கண்டுபிடித்தது என்றாள். மேலும், இந்த வீட்டில் நிஜம் பேச ஒரு ஆளாவது இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நல்ல கருப்பு. சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, இப்போது. அப்போது இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய், புரோக்கரிடம் கலர்தான் கொஞ்சம் கம்மி என்று சொல்லி அனுப்பின. எனக்கென்ன போச்சு என்று வெளியே சிரித்துவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் கௌதள்ளிப் பக்கம் தமிழ் விவசாயக் குடும்பம், பையனுக்கு மைசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். ஹாலில் நல்ல மஞ்சள் பல்பாகப் போட்டால் யாரானாலும் இரண்டு ஷேடு ஏறிவிடுவார்கள் என்றார். என் போட்டோவை அவரே போனில் வெளுத்து அனுப்பிவிட்ட விஷயத்தை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பா அங்கிளைப் பிடித்தார். முப்பது வருஷமாகக் கன்னடத்தில் வியாபாரம் பேசுகிற வாய் அது.

“சார், வெளிச்சம் அளக்கிற மீட்டர் உங்ககிட்ட இருக்கில்ல? எந்த மூலையில, எந்த பல்புல பொண்ணு கொஞ்சம் கலரா தெரிவாளோ, பார்த்து மாட்டிக் கொடுங்க. சொல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் பண்ணுங்க.”

அங்கிள் பையை எடுத்துக்கொண்டு பல்பு வாங்கக் கிளம்பினார். சனிக்கிழமை பூராவும் மீட்டரை வைத்துக்கொண்டு ஹாலில் அளந்தார். ஏணி போட்டு ஏறினார், இறங்கினார். நான் உட்கார வேண்டிய இடத்தில் தரையில் கருப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அப்பாவுக்குப் பரம திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகுதான் அப்பா ஸ்விட்சைப் போட்டார். ஹால் ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது. சாயப் பட்டறையில் நூலுக்கு நூல் கலர் ஒத்துப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த லைட். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள் என்று கேட்டார்.

“மஞ்ச பல்பு வாங்கிட்டுதான் வந்தேன் சார். ஏணி மேல ஏறி நின்னேன். மாட்டக் கை வரல. அந்தப் பொண்ணுகிட்ட என்ன குறைன்னு மறைக்கிறது?”

அதற்குள் வந்துவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தப்பவில்லை. அப்பாவின் மீசைச் சாயம் கத்தரிக்காய் நிறத்தில் தெரிந்தது. அம்மா கேசரியில் போட்ட கலர் பொடி கண்ணைக் குத்தியது. பையனின் அம்மாவுக்குப் பவுடர் முகத்தோடு நின்றுவிட்டது, கழுத்துக்கு இறங்கவேயில்லை. பையனுக்கு ஒரு காலில் கருப்பு சாக்ஸ், இன்னொரு காலில் கருநீலம். அவன் குனிந்து பார்த்துக் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டான். நான் பெருக்கல் குறியில் வந்து உட்கார்ந்தேன், இருக்கிற நிறத்தில், இருக்கிறபடி.

அந்தம்மா என்னைப் பார்த்தார். மடியிலிருந்த போனில் என் போட்டோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, போட்டோவுல புள்ள செவப்பா இருந்துச்சுங்களே.”

அப்பா அவசரமாகக் காபித் தட்டை நீட்டினார். எனக்கு எழுந்து உள்ளே ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது மாடிப்படியில் நின்றிருந்த அங்கிள் கேமராவோடு நேராக வந்து அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிடாமலே வந்தவருக்கு அந்தம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

“அம்மா, இதைப் பாருங்க. எதிர்ல இருக்கிற எல்லாரும் இதுல தெரியறாங்க. செவப்பு யாரு, கருப்பு யாருன்னு கண்டுபிடிங்க.”

திரையில் நாங்கள் அத்தனை பேரும் ஒரே மஞ்சளில் உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தேடினார். தெரியவில்லை.

“மனுஷத் தோலுக்கு எல்லாருக்கும் ஒரே மார்க்குதாம்மா. பாயின்ட் தொண்ணூத்தெட்டு. டேப்பே ஒட்ட வேண்டாம்.”

மார்க் விவகாரம் அந்தம்மாவுக்கு விளங்கியிருக்காது. அவர் வேறொன்றைக் கவனித்துவிட்டார். எல்லோரும் மஞ்சளாக இருக்க, இரண்டு பேருக்கு மட்டும் கை விரல்களும் மூக்கு நுனியும் நீலமாக இருந்தன. இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

“பயந்தா கை ஜில்லிட்டுப் போகும்மா. பொண்ணு பயந்திருக்கா. உங்க பையன் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா பயந்திருக்கார்.”

நான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினேன். அவனும் என்னைப் பார்த்தான். இவ்வளவு நேரம் தேர்வு எழுதுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாக்ஸ் காலை நாற்காலிக்கு வெளியே நீட்டிவிட்டான்.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு அண்ணாந்து லைட்டைப் பார்த்து, இதை யார் மாட்டினது என்று கேட்டார். அப்பா, பழியை ஒப்படைக்கிற அவசரத்தில், அங்கிளைக் கைகாட்டினார்.

“கடையில மாம்பழக் கலருன்னு சீலை எடுத்துட்டுப் போவனுங்க. ஊட்டுக்குப் போயிப் பாத்தா புளிச்ச மோரு கலருல இருக்கும். லைட்டப் போட்டு ஏமாத்திப்போடுவாங்க. கருப்பு எங்களுக்கு ஒண்ணும் புதுசில்லீங்க, எங்க ஊட்டுல எல்லாமே கருப்புதான். போட்டோவப் பாத்தப்போதான் என்னத்தையோ மறைக்கிறாங்கன்னு தோணுச்சு. மறைக்கிறவங்க இந்த மாதிரி லைட்டு மாட்ட மாட்டாங்கங்க. புள்ளைக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

புள்ளைக்குச் சம்மதம்தான். கேட்கும் முன்பே தலையாட்டிவிட்டேன் என்று இன்றைக்கும் வீட்டில் கேலி செய்கிறார்கள். அந்த லைட்டைக் கழற்றி அந்தம்மாவுக்கே கொடுத்தனுப்பினார் அங்கிள். கௌதள்ளியில் என் மாமியார் வீட்டு ஹாலில் அதுதான் எரிகிறது. ஊரில் யார் சேலை எடுத்தாலும் அங்கே வந்து விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கல்யாணம் மாதேஸ்வரன் மலையில். கொள்ளேகாலில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு தலைசுற்றி, கழுத்தில் கேமராவோடு வந்து சேர்ந்தார் அங்கிள். தாலி கட்டும்போது முன்வரிசையில் நின்று எங்களைப் படம் பிடித்தார். ஆசீர்வாதம் பண்ண வந்தவர், எங்கள் கையை மட்டும் பெரிதாக்கித் திரையில் காட்டினார். நாலு கையும் நல்ல மஞ்சள். பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

ஒரு படத்தில்கூட இவர் இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவை அவர் கழுத்திலிருந்து கழற்றி அவர் பக்கமே திருப்பினேன். நேரில் பார்த்தால் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார், கைக்குட்டையால் அப்போதுதான் முகத்தை அழுந்தத் துடைத்திருந்தார். ஒரு பொட்டு ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் மட்டும், மஞ்சள் முகத்தில், இரண்டு கண்ணுக்குக் கீழேயும் தாடைவரை நீலமாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

நான் திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் எட்டி அதைப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று கேமராவை வாங்கிக்கொண்டார்.

“இதுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. தப்பா காட்டுது. லேபுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கணும்.”

பொய் சொல்லவே தெரியாத என் டேப் அங்கிள் எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னார். பாவம், அதையும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை அவருக்கு.