ஒன்றரை சென்டிமீட்டர் விரல் பற்றாக்குறை

எங்கள் பேரூராட்சியின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு மெமோ வரும். சங்ககிரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே எழுத்தர்.

போன தை மாதம், பசுமைப் பயணத் திட்டத்தில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுக்கு சைக்கிள் வந்தது. சாதா சைக்கிள் இல்லைங்க. கைப்பிடி கிடாக்கொம்பாட்டம் கீழே வளைந்த பந்தய சைக்கிள். பெரிய மனுசர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான டவுசர் போட்டுக்கொண்டு அதில்தான் ஏற்காடு ஏறுகிறார்களாம். கொசுப்புழு மட்டும் என்ன இளப்பமா?

மூன்றாம் நாளே தினக்கூலிப் பணியாளர் நல்லம்மாள் மனுவோடு வந்தார். அவர் வேலையில்தான் அந்த ஊட்டில் அடுப்பு எரிகிறது.

“பிரேக் எட்ட மாட்டேங்குதுங்க சார். மேல கை வெச்சா விரல் நுனிதான் லீவரைத் தொடுது. எக்கிப் புடிச்சா மணிக்கட்டுல உசுரு போகுது. நேத்து லாரிக்கு முன்னால செருப்பைத் தேச்சுத்தானுங்க நின்னேன்.”

செயல் அலுவலர் குருமூர்த்தி மனுவை இரண்டு முறை படித்தார். “குனிஞ்சு கீழ் வளைவைப் புடிச்சா எட்டுமில்லீங்க?”

“எட்டுமுங்க. ஆனா ரோடு தெரிய மாட்டேங்குது.”

“ரோட்டைப் பாக்கறது உங்க வேலை இல்லீங்களே அம்மா. கொசுப்புழுவைப் பாக்கறதுதானே வேலை?”

காற்றடிக்க வந்திருந்த சைக்கிள் கடை வாஜித்துக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க சார், லீவருக்குள்ள சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்குது. நாலு திருகு திருகுனா லீவர் கைக்குப் பக்கமா வந்துரும். டீ ஆர்றதுக்குள்ள முடிச்சுத் தாரேன்.”

அலுவலகமே உறைந்துவிட்டது. அரசு சொத்தைத் திருகுவதா! டெண்டர் விவரத்தில் அப்படியொரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று குருமூர்த்தி என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இல்லை. “அப்ப அந்த ஸ்க்ரூ கிடையாது” என்று முடிவானது. வாஜித் கண்ணெதிரே இருந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேற்கொண்டு கோப்பு சட்டப்படி நகர்ந்தது. லீவர் தரச்சான்று பெற்றது. விரல் பெற்றதா? பெறவில்லை. எனவே குறை விரலில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து, ஒன்றரை சென்டிமீட்டர் பற்றாக்குறை என்று சான்றும் வாங்கியாயிற்று.

“மேற்படியாரின் உயிர்ப் பாதுகாப்பைக் கருத்தில்கொண்டு, அவர் இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.”

ஆணையை நான்தான் டைப் அடித்தேன், பிழையில்லாமல்.

“பிரேக்கைத்தானுங்க சரி பண்ணச் சொன்னேன்! வேலையை ஏனுங்க புடுங்கறீங்க?” என்று நல்லம்மாள் கத்தினார்.

“இனிமே லாரி பயம் இல்லீங்களே அம்மா” என்றார் குருமூர்த்தி, ரொம்பக் கனிவாக.

காலியிடத்துக்கு விளம்பரம் போட்டோம். தகுதி: எட்டாம் வகுப்பு, நடுவிரல் ஒன்பது சென்டிமீட்டர். எதுக்கு இந்த அளவு என்று ஒரு மனுசன் கேட்கணுமே? ஊஹூம். ஒரே மாசத்தில் நாமக்கல்லில் விரல் நீட்சிப் பயிற்சி மையம் திறந்துவிட்டார்கள், விடுதி வசதியோடு. விரலில் தராசுப் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறார்களாம். அந்த ஒரு இடத்துக்கு முந்நூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

என் மகள் சௌமியாவும் அங்கேதான் இருக்கிறாள். சீட் கிடைப்பதே பெரும்பாடு, குருமூர்த்தி சார்தான் கடிதம் கொடுத்தார். போன வாரம் பார்க்கப் போனேன். “சோத்தைப் பெசைய முடியலைப்பா, கையெல்லாம் வீங்கிக் கெடக்குது” என்று அழுதாள்.

“இன்னும் மூணு மில்லிமீட்டர்தான் சாமி, பொறுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.