சாம்பிள் அக்காவின் வெயில் டெஸ்ட்

புதுச்சேரியில் எதையும் சாம்பிள் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் எங்கள் சாம்பிள் அக்காதான். கல்யாணத்தை மட்டும் அவளால் சாம்பிள் பார்க்க முடியவில்லை. அந்தக் குறையை அவள் வீட்டுக்காரர் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன பெயிண்ட் கம்பெனி. அதில் அவளுக்கு ஷேடு மேட்சிங் வேலை. ஒயிட் டவுன் வீட்டுச் சுவரிலிருந்து நகத்தளவு மஞ்சள் காரையைப் பெயர்த்துக்கொண்டு யாராவது வருவார்கள். அதே மஞ்சளை அவள் கலந்து கொடுக்க வேண்டும். ஒரு சதுரம் அடிப்பாள், காயவிடுவாள், முகத்தைச் சுளிப்பாள், பக்கத்தில் இன்னொரு சதுரம் அடிப்பாள். வெளிச் சுவருக்கான பெயிண்ட் என்றால் இன்னொரு படி உண்டு. பெயிண்ட் அடித்த பலகையை மொட்டை மாடி வெயிலில் கிடத்தி, வெளுக்கிறதா கறுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டப்பாவை மூட விடுவாள்.

இந்தப் புத்தி கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை பெரிய மார்க்கெட்டுக்கு அவளோடு போய் மானம் போயிற்று. சங்கரா மீனின் செவுளைத் தூக்கி, கைப்பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்து, "இந்தச் செவப்பு நேத்து செவப்பு" என்றாள். மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "நீ மீனு வாங்க வந்தியா, மீனுக்கு பெயிண்ட் அடிக்க வந்தியா?" என்று கேட்டார். அக்கா அடுத்த கூடைக்கு நகர்ந்தாள்.

அவளுக்கு ஏசி அறை. பெயிண்ட் சாம்பிளுக்குச் சூடு ஆகாதாம். நான் அதே கம்பெனியில் டிஸ்பேட்ச். உச்சி வெயிலில் லாரிக்குப் பக்கத்தில் நின்று டப்பா ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். எனக்குச் சூடு ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை. அவள்மேல் எனக்குப் பொறாமை ஆரம்பித்தது அந்த ஏசியில்தான்.

இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். ஒரே மாநிறம், பரு வந்து போன இடமெல்லாம் ஒரே மாதிரிக் குழி. ஒரு கம்பெனியில் இப்படி இரண்டு கன்னக்காரிகள் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. ஆயுத பூஜை குரூப் போட்டோவில் அடுத்தடுத்து நின்றுகொள்ளலாம். பார்க்கிறவர்கள் கேமராவைத்தான் திட்டுவார்கள்.

அந்த நிம்மதியில்தான் அக்கா மண்ணைப் போட்டாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "இந்தக் குழிக்கெல்லாம் லேசர் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். நான் தயிர்சாத டப்பாவைப் பாதியில் மூடினேன்.

ஊரில் இருக்கும் ஸ்கின் கிளினிக்குகளை எல்லாம் அவள் ஏறி இறங்கினாள். "முகம் பூரா அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர். மொதல்ல ஒரு சதுரம் அடிச்சிக் காட்டுங்க" என்பாளாம். ஒரு டாக்டர் பொறுமையாக, "டெஸ்ட் பண்ணிட்டுத்தாம்மா நானும் ஆரம்பிப்பேன். ஆனா அதுக்குப் பேரு அடிக்கிறது இல்ல" என்றிருக்கிறார். கடைசியில் இடது தாடையில் கார்பன் டை ஆக்சைடு லேசர், வேறொரு கிளினிக்கில் வலது தாடையில் எர்பியம் லேசர் என்று தபால்தலை அளவில் இரண்டு சதுரங்களோடு வந்து சேர்ந்தாள்.

"ரெண்டுக்கும் என்னாக்கா வித்தியாசம்?" என்று பேக்கிங் பெண்கள் கேட்டார்கள்.

"மொதலாவது, பழைய பெயிண்ட்ட சுவரு வரைக்கும் சொரண்டி எடுக்கற மாதிரி. சீக்கிரம் பலன் தெரியும், ஆனா முகம் ஒரு வாரத்துக்கு ரணமா கெடக்கும். ரெண்டாவது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரி. சீக்கிரம் ஆறிடும், ஆனா பல தடவ போவணும்."

பொருக்கு உதிர்ந்ததும் இடது தாடைச் சதுரம் பளபளவென்று ஆகிவிட்டது. குழி இருந்த சுவடே இல்லை. பேக்கிங் பெண்கள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். மேனேஜர்கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். என் கன்னத்தைக் கொசுவைத் தவிர யாரும் அவ்வளவு அக்கறையாகத் தொட்டதில்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்கு முற்றிப்போனது. தினமும் மதியம் மொட்டை மாடிக்குப் போய், முகத்தைத் துண்டால் மூடி, தாடைச் சதுரங்கள் இரண்டை மட்டும் வெளியே விட்டு, பெயிண்ட் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவாள்.

"வெயில்ல போவவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேக்கா?" என்று கேட்டேன்.

"அதனாலதான் போறேன். வெளிச் சுவரு பெயிண்ட்ட ரூம்ல வெச்சா டெஸ்ட் பண்ணுவாங்க?"

ஏசி அறையை வைத்துக்கொண்டு வெயிலைத் தேடிப் போகிற கொழுப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சதுரம் முகம் முழுக்கப் பரவி, வரும் ஆயுத பூஜை போட்டோவில் அவள் பக்கத்தில் நான் மட்டும் குண்டும் குழியுமாக நிற்பதை நினைத்தேன். அன்றிலிருந்து அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. சாப்பாட்டை லாரி நிழலிலேயே முடித்துக்கொண்டேன். அவளை முந்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாமல் அவளுடைய இடது தாடைக் கிளினிக்குக்கே போனேன். டாக்டர் என் காதுக்குப் பின்னால் டெஸ்ட் செய்தார். கூந்தல் நிழலில் அது அழகாக ஆறியது. "வெயில்ல நிக்கிற வேலையா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "ஷேடு மேட்சிங் டாக்டர். ஏசி ரூம்" என்றேன். அவள் முகத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியவில்லை, வேலையையாவது எடுத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் முகம் முழுக்க மரத்துப்போகிற களிம்பைப் பூசி, கூடத்தில் உட்கார வைத்தார்கள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சாம்பிள் அக்கா வந்தாள். இடது தாடையில் அந்தப் பளபளச் சதுரம் இல்லை. அது இருந்த இடத்தில் அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி கறுப்பாக ஒரு சதுரம் இருந்தது. வலது தாடை எர்பியம் சதுரம் மட்டும் கறுக்காமல் தப்பியிருந்தது. அதைக் காட்டத்தான் டாக்டரிடம் வந்திருக்கிறாள்.

களிம்புக்குள் இருந்த என்னை அவள் உடனே அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். ஷேடு பார்க்கிற கண் அல்லவா.

"டாக்டர், இவ என்னா வேலன்னு சொன்னா?" என்று அறையிலிருந்து வெளியே வந்த டாக்டரிடம் கேட்டாள்.

"உங்க வேலதாம்மா. ஷேடு மேட்சிங்."

"இவ டிஸ்பேட்ச் டாக்டர். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்லதான் நிப்பா."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு, மரத்துப்போன முகத்திலும் சூடு ஏறியது. நர்ஸைக் கூப்பிட்டுக் களிம்பைத் துடைக்கச் சொன்னார். பிறகு அக்காவின் தாடையைத் திருப்பிப் பார்த்து, "வெயில்ல போவாதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மரத்த உதட்டால் நான் சண்டைக்குப் போனேன். "உன்ன யாருக்கா வெயில்ல ஒக்காரச் சொன்னது? லூசா நீ?"

அக்கா என் கன்னத்தில் ஒட்டியிருந்த களிம்பை முந்தானையால் துடைத்தாள். "நான் ஏசி ரூம்ல இருக்கறவடி. எனக்கு எதுக்கு வெளிச் சுவரு டெஸ்ட்டு? உனக்கும் எனக்கும் ஒரே ஷேடு. வெயில்ல நிக்கிறது நீ."

 அழுதேன். களிம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நர்ஸிடம் சொன்னேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை போட்டோவில் நான் குழிகளோடும் அவள் கறுப்புச் சதுரத்தோடும் அடுத்தடுத்துதான் நின்றோம். மழைக்காலம் பிறந்ததும் அதே டாக்டரே எனக்கு, அக்கா தாடையில் கறுக்காத அந்த எர்பியத்தில் ஆரம்பித்தார். அக்கா மேனேஜரோடு மல்லுக்கட்டி என் மேசையை ஏசி அறைக்குள் இழுத்துப் போட்டாள். என் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமனானது. அவள் மட்டும் எதையும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "சாம்பிள் திருப்தி இல்ல" என்றாள்.

இப்போது அவள் கடலூரில் வேறொரு பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறாள். தாடைக் கறுப்பு மங்கிவிட்டதாம். போனவாரம் போனில் பேசும்போது, அங்கே டிஸ்பேட்ச்சில் ஒரு பெண் இருக்கிறாள், பாவம், நாள் முழுக்க வெயில் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்காக அக்கா எந்த மொட்டை மாடியில் போய் உட்காரப் போகிறாளோ என்று நினைத்தால், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.