வெட்டி ஒட்டிய பிரெஞ்சு

தேர்வுக்குச் சரியாக நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. பிரெஞ்சு மொழி பாரீசில் பிறந்திருக்கலாம். அது முறையாக வெட்டப்பட்டது சிதம்பரம் மேல வீதியில், சைக்கிள் கடை மாடியிலிருந்த 'சர்வதேச பிரெஞ்சு அகாடமி'யில்தான்.

நிறுவனர் ஸ்ரீதர் சார் தமிழ் இலக்கியம் படித்தவர். எந்தப் பிரெஞ்சு வினைச்சொல் வந்தாலும் செய்யுள்போல அசை அசையாக வெட்டிவிடுவார்.

"பர்லோன்!" என்றார். 'பேசுவோம்' என்று பொருள்.

பதினாறு பேரும் இரண்டு முறை கைதட்டினார்கள். "நேர்நேர் தேமா!"

இளமதி கடைசி வரிசையில் தட்டினாள். வேதியியல் முடித்த அவளுக்குப் பிரான்ஸில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பிரெஞ்சுத் தேர்வின் முதல் நிலைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது இல்லையென்றால் இடம் போய்விடும். கூச்சக்காரிகளுக்கு இதைவிட நல்ல அகாடமி கிடையாது. ஏழு மாதமாக அங்கே யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

பக்கத்திலிருந்த ஜான்சிக்குக் கூச்சம் கிடையாது. "சார், அவுங்க எதாச்சும் கேட்டா என்னா பண்றது?"

"கேக்கறத வெட்டும்மா. பாதி பதில் வந்துடும்."

"மீதி பாதி?"

"அது அடுத்த லெவல்."

"நீங்க ஒரே ஒரு வரி பேசிக் காட்டுங்களேன்."

"நான் பேசுனா என்னையே காப்பியடிப்பீங்க. மொழி கெட்டுடும்."

இந்தத் தியாகத்துக்கும் வகுப்பு கைதட்டியது. தேர்வன்று தன்னால் வர முடியாது என்று சார் வருந்தினார். வடலூரில் 'ஆலோசனைக் கூட்டம்'.

கடலூர்த் தேர்வறையில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி சிரித்தபடி கேட்டார்: "வூ ஸபிதே ஊ?"

எங்கே குடியிருக்கிறாய் என்பதுதான் கேள்வி. இளமதியின் காதில் 'அபிதே' மட்டும் விழுந்தது. இரண்டு முறை தட்டினாள்.

"நிரைநேர் புளிமா."

பெண்மணி மெதுவாக மறுபடி கேட்டார். இளமதி இன்னும் பலமாகத் தட்டினாள். பெண்மணி தாளில் ஒரு கோடு இழுத்தார்.

பிரான்ஸ் போய்விட்டது என்பது மொழிபெயர்க்காமலே புரிந்தது.

வெளியே அகாடமி மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தது. கடைசி நாற்காலியில், முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இளமதி," என்று கிசுகிசுத்தார், "உள்ள என்னம்மா கேட்டாங்க?"

"கூட்டம் முடிஞ்சிடுச்சா சார்?"

"சத்தம் போடாதம்மா."

இளமதி கதவில் ஒட்டியிருந்த, தேர்வு எழுதுவோர் பட்டியலைப் பார்த்தாள். கடைசி வரியை, தெருவரைக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"ஸ்ரீதர். முதல் நிலை. நான்காம் முறை."