கட்டுக்குள் வந்த மூச்சு

எண் இல்லாத மனிதனுக்கு என் மாமனார் வீட்டில் மரியாதை கிடையாது. மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு ரத்த அழுத்தம், சகலை பாஸ்கருக்குக் கொலஸ்ட்ரால். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், "எவ்வளவு வந்தது?", "போன தடவைக்கு நல்லா குறைஞ்சிருக்கு" என்றுதான் பேச்சு ஓடும். குறைத்தவர் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த களை இருக்கும். நான் மட்டும் சொல்ல எதுவும் இல்லாமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருப்பேன். (முப்பது வயதைத் தாண்டியும் ஒரு வியாதிகூட இல்லை என்றால் என்ன மனுஷன்?)

அந்தக் குறையை ஆஸ்துமா வந்து தீர்த்துவைத்தது.

அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. பைக்கில் வேலைக்குப் போய்த் திரும்பினால் சாலைப் புழுதியில் என் தலை நரைத்திருக்கும். இருமலாக ஆரம்பித்து இளைப்பில் வந்து நின்றதும், தாம்பரத்தில் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்தேன். தினமும் இழுக்க ஓர் இன்ஹேலர் எழுதினார். தினமும் ஊதுவதற்கு ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் வாங்கச் சொன்னார். ஒரு சாண் நீள பிளாஸ்டிக் குழாய். மேலே வரிசையாக எண்கள். ஊதினால் ஒரு சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும்.

"மூச்சு எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு இது காட்டும். நின்னுக்கிட்டு, நல்லா இழுத்து, பலமா ஒரே ஊது. மூணு தடவை ஊதுங்க. அதுல…"

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அலறியது. புது போன். அதை எப்படி அடக்குவது என்று எனக்கே தெரியாது. நான் அடக்கி முடிப்பதற்குள் மருத்துவர் விளக்கி முடித்துவிட்டார்.

"புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது டாக்டர்."

புரியாமல் என்ன? மாமனார் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த அறிவு எனக்கு இருந்தது. எண் என்றால் குறைய வேண்டும்.

முதல் நாள் முந்நூற்றெண்பது. இன்ஹேலரை ஒழுங்காக இழுத்துக்கொண்டு வந்தேன். இளைப்பு போயே போய்விட்டது. ஆனால் முள் நானூற்றைம்பதுக்கு ஏறி நின்றது. பதறிப்போய் மாமனாருக்கு போன் செய்தேன்.

"மருந்துதான் ஏத்துது மாப்பிள்ளை" என்றார் அவர், தீர்ப்பு சொல்வதுபோல. "கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. காலைல வெறும் வயித்துல பாவக்கா ஜூஸ் குடிங்க."

நிறுத்தினேன். குடித்தேன். என்ன அதிசயம்! நானூறு, முந்நூற்றைம்பது, முந்நூறு என்று முள் மளமளவென்று இறங்கியது. மூன்று தடவை ஊதி, இருப்பதிலேயே குறைந்ததை எடுத்துக்கொள்வேன்.

என் மனைவி ரேவதிக்கு மட்டும் சந்தேகம்.

"என்னங்க, நம்பர் குறையக் குறைய இருமல் ஏறுதே?"

"உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வருது" என்றேன். (இதை நான் எங்கே படித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் முடிச்சூரில் பாஸ்கரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். மீட்டரைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனேன். கூடத்தில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. ஈரச் சுள்ளியோ என்னவோ, அக்கினியைவிடப் புகைதான் அதிகம். மாமனார் என்னைச் சொந்தக்காரர்கள் நடுவே நிறுத்தினார்.

"ஒரு தடவை ஊதிக் காட்டுங்க மாப்பிள்ளை."

ஊதினேன். முள் இருநூறோடு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா! நானூத்தம்பதுல இருந்தவர்! மருந்தே இல்லாம இருநூறு!"

கை தட்டினார்கள். ஒருவர் கை குலுக்கினார். மாமனார் அந்தச் சந்தோஷத்தில் சர்க்கரையை மறந்து, தட்டிலிருந்து இரண்டு மைசூர்பாகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாகற்காயை எப்படி அரைப்பது என்று ஒரு பெரியம்மா கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, தோள் ஏறி ஏறி இறங்கியது.

"பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றார் மாமியார்.

ரேவதிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, உதடு நீலமாயிருக்கு! ஆட்டோ கூப்பிடுங்க!"

ஆட்டோவில் ஒருபுறம் அவள், மறுபுறம் மாமனார். "இன்னா சார் இப்டி இழுக்குது? கெட்டியா புட்ச்சிக்க, தோ வந்துட்ச்சு" என்று ஓட்டுநர் குண்டும் குழியும் பார்க்காமல் விரட்டினார். உள்ளே போன காற்று வெளியே வர வழி தெரியாமல் முட்டியது. ரேவதி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கையை மட்டும் விடவில்லை. செத்துவிடுவோம் என்று அன்றுதான் முதன்முதலாக நிஜமாகப் பயந்தேன்.

மருத்துவர் என்னைப் பார்த்ததும் முகமூடியை மாட்டி நெபுலைசரைப் போட்டார். "காலைல மீட்டர்ல எவ்வளவு?"

என்னால் பேச முடியாததால் மாமனார் எனக்காகப் பெருமையோடு பேசினார். "இப்பதான் பாத்தோம் டாக்டர், இருநூறு! நானூத்தம்பதுலேர்ந்து கொண்டுவந்துட்டார்!"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"சார், இது சர்க்கரை இல்ல. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. ஏறணும். நல்லா இருக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு ஊதறாரோ அதுதான் இவரோட சொந்த அளவு. இவருக்கு நானூத்தம்பது. அதுல எண்பது சதவீதத்துக்கு மேல இருந்தா பச்சை. கீழ வந்தா மஞ்சள், உஷாராகணும். பாதிக்கும் கீழ போனா சிவப்பு, உடனே ஓடி வரணும். உங்க மாப்பிள்ளை சிவப்புல நின்னுக்கிட்டு கைதட்டல் வாங்கியிருக்கார். மூணு தடவை ஊதி எதை எடுத்தீங்க?"

முகமூடிக்குள்ளிருந்து நான் விரலால் கீழே காட்டினேன்.

"இருக்கறதுலயே அதிகமானதை எடுக்கணும்னு சொன்னேனே!"

மாமனார் மெல்லக் கேட்டார்: "அப்போ, நான் சாப்பிட்ட மைசூர்பாகு?"

"அது ஏறும் சார். ஏறக்கூடாதது தானா ஏறும்."

ரேவதி அங்கேயே சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தாள்.

அதன் பிறகு இன்ஹேலரை ஒருநாளும் நான் விட்டதில்லை. நானூற்றைம்பதைத் தாண்டியதும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னேன். ஏறியதற்காக அந்த வீட்டில் கைதட்டல் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

ஆனால் அந்தக் குடும்பம் எதையும் அவ்வளவு சுலபத்தில் மறக்காது. கிணற்றில் தண்ணீர் குறைந்தால், "மாப்பிள்ளை ரீடிங் மாதிரி கட்டுக்குள்ள வந்துடுச்சு" என்பார்கள். பாஸ்கருக்கு முடி கொட்டியபோதும் அதையேதான் சொன்னார்கள். இத்தனைக்கும் பிறகு பிறந்தவள் என் மகள். போன அரையாண்டுத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் மதிப்பெண் பாதியாகிவிட்டது. நான் குரலை உயர்த்துவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தாத்தாவுக்கு போன் போட்டுச் சொல்லுப்பா. மருந்தே இல்லாம குறைச்சுட்டேன்."